பல் பதிந்த கைகள்

ஆலங்கரை பேருந்து நிலையத்தில் வண்டிகள் வருவதையும் போவதையும் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த டைம் கீப்பர் சொரிமுத்து, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆறு மணிக்கு வர வேண்டிய பாபநாசம் வண்டி ஏழு மணிக்குத்தான் வரும், ஆறு என்றால் வளைந்து நெளிந்துதான் வரும், பயணிகள் பொறுத்துக்கொள்ளவும்" என்று சொன்னபோது, அதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருடைய இடது முன்கையிலும் பல் பதிந்தது.

யாரும் அலறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் மூட்டைப்பூச்சி என்று நினைத்து எழுந்து நின்றார்கள், நின்றுகொண்டிருந்தவர்கள் கொசு என்று நினைத்துத் தட்டிக்கொண்டார்கள், பூக்கடைக்காரர் நாரில் ஏதோ இருக்கிறது என்று நாரை உதறிப் பார்த்தார், பிறகு ஒருவர் கையை ஒருவர் பார்த்தபோது எல்லாக் கையிலும் ஒரே மாதிரி, மேலே ஒரு பிறை கீழே ஒரு பிறையாக, ரத்தம் வராமல், தொட்டால் இளஞ்சூடாக, சின்னச் சின்னப் பற்களின் தடம் இருந்தது. சிரிப்பு வராத சிலேடைக்கு நம்மூரில் கடி என்றுதானே பெயர், அதனால் இது எங்கிருந்து வந்தது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "நெல்லை போகிறவர்கள் வண்டியில் ஏறவும், நெல்லை விற்கப் போகிறவர்கள் மூட்டையை மேலே போடவும்" என்று ஒலிபெருக்கி சொன்னதும் மறுபடியும் எல்லோர் கையிலும் பல் பதிந்தது. "அண்ணாச்சி இன்னைக்கு நெசமாவே கடிக்காரு" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் மூட்டையோடு நின்ற ஒருவர் வண்டியில் ஏறிப் போனார்.

அன்று முதல் அது அப்படித்தான் நடந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடும் நர்ஸ் முதலில் "நாயா, பூனையா?" என்று கேட்டாள், "பஸ் ஸ்டாண்டு" என்று பதில் வந்ததும் ஒரு பஞ்சைத் தொட்டு வைத்து அனுப்பினாள், கொஞ்ச நாளில் பஞ்சையும் நிறுத்திவிட்டாள், ஏனென்றால் கடியெல்லாம் பொழுது சாய்ந்தால் தானாக மறைந்துபோனது. கடைத்தெருத் தையல்காரர்கள் முழுக்கை ரவிக்கை தைத்துத் தைத்துச் சலித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் காலைக் கடியையும் மாலைக் கடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பழைய சிலேடை ஆழமாகக் கடிக்கும், புதிது மேலோடு கடிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குக் கையில் பல் தடத்தோடு வந்த கணவன்மார்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவருடைய மனைவி மட்டும் பேசாமல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அண்ணாச்சி ஒன்று சொல்லும்வரை காத்திருந்து, தன் கையில் விழுந்த தடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இது பல்லு சின்னது" என்று சொல்லித் தன் அம்மா வீட்டுக்குப் போகிற வண்டியில் ஏறினாள்.

ஆனால் ஊர் கவனிக்காத ஒன்று, நாளாக நாளாக, கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. எந்த வண்டிக்கும் போகாத ஆட்கள் பேருந்து நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். மனைவி இறந்த பிறகு லாட்ஜில் மாத வாடகைக்குத் தங்கியிருந்த தாலுகா ஆபீஸ் கிளார்க், மகள்கள் எல்லோரையும் வெளிநாட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்ட ஒரு டீச்சர், பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஓய்வுபெற்ற லாரி டிரைவர், இவர்களெல்லாம் ஒதுக்குப்புறப் பெஞ்சில் ஆளுக்கு ஆள் இடம் விட்டு உட்கார்ந்து, இடது கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைப் பார்த்தபடி இருந்தார்கள். கடி விழுந்ததும் சட்டைக் கையை மெல்ல இறக்கி, அதன் மேல் மற்றக் கையைப் பொத்தி, அது ஆறுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது போலக் கிளம்பிப் போனார்கள். வேறு ஒருவர் தொட்டு வெகு காலம் ஆனவர்கள் அவர்கள். அந்தச் சூடு அவர்களுக்குச் சாயங்காலம்வரை போதுமாக இருந்தது.

சொரிமுத்துவுக்கும் போகிற வீட்டில் யாரும் இல்லை. பழக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார். அவருடைய அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் அவர் வளர்ந்த வீட்டில் எந்தச் சொல்லும் புறப்பட்ட மாதிரி போய்ச் சேர்ந்ததில்லை, சோப்பு கேட்டால் சீப்பு வரும், சோறு கேட்டால் இன்னும் ஆறு மணி ஆகவில்லையே என்பாள், அம்மாவும் மகனும் சிரித்துச் சிரித்து அந்த வீட்டில் வறுமைகூட வேறு ஏதோ ஒரு சொல்லாகத்தான் காதில் விழுந்தது. அம்மா போன பிறகு, ஒரு சொல் ஒரு பொருளோடு மட்டும் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் பேர் வள்ளி என்றதும், "கிழங்கா?" என்று கேட்டுவிட்டார், அத்தோடு அது முடிந்தது. ஒரு மனிதரிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்கு வேறு வழி தெரியாது. யாராவது "கடிக்காதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனால், அன்றைக்கு அவர் ஒருவரோடு பேசியதாக ஆகிவிடும்.

கார்த்திகை பிறந்தபோது பணிமனையின் கிளை மேலாளர் இருதயராஜ் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இருதயராஜின் கையிலும் காலையில் விழுந்த தடம் இருந்தது.

"நீங்க பேசுறது எனக்கும் பிடிக்கும் அண்ணாச்சி. ஆனா வண்டியைத் திருப்பிக்கிட்டு இருக்கும்போது டிரைவர் கையில கடி விழுந்தா என்ன ஆகும், சொல்லுங்க."

சொரிமுத்துவுக்கு, திருப்பத்துக்கும் திருப்பதிக்கும் நடுவே ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "சரி சார்" என்றார்.

"வண்டி பேரு, நேரம், போற ஊரு. அவ்வளவுதான்."

"சரி சார்."

மறுநாளிலிருந்து ஒலிபெருக்கி வண்டியையும் நேரத்தையும் ஊரையும் மட்டும் சொன்னது. தையல்காரர்கள் அரைக்கைக்குத் திரும்பினார்கள். ஊர் ஒரு வாரம் இடது கையைச் சொறிந்தபடி எதையோ மறந்துவிட்ட மாதிரி நடமாடியது, பிறகு அதையும் மறந்தது. ஒதுக்குப்புறப் பெஞ்சுக்காரர்கள் மட்டும் பழக்கத்தை விட முடியாமல் வந்து, வெறும் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சொரிமுத்துவிடம் எவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும்போது, தாழ்ப்பாள் சத்தம்தான் அன்று தனக்கென்று விழுந்த முதல் சத்தம் என்று அவருக்குத் தோன்றும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், அறிவிப்பு அறையின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பதை நெருங்கிய வயது, இடது கையை வலது கையால் தூக்கி வந்து ஜன்னல் திட்டில் ஒரு பொருளை வைப்பது போல வைத்தாள், வைத்துவிட்டுப் பேசாமல் நின்றாள்.

"எந்த ஊருக்குப் போகணும்?"

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு என்னம்மா?"

"பேச்சியம்மா."

"பேச்சின்னு பேர வச்சுக்கிட்டுப் பேசாம நின்னா எப்படி?" என்று, தன்னை மீறி, சொரிமுத்து சொல்லிவிட்டார். திட்டில் கிடந்த கையில், முழங்கைக்குக் கீழே, பல் பதிந்தது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"இதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

அவள் மேலப்பொட்டலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். புருஷன் செத்து வெகு காலம், ஒரே மகன் திருப்பூரில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது, படுத்தால் தன் கை மேலேயே படுத்துவிட்டு யாரோ பக்கத்தில் கிடக்கிறார்கள் என்று பயந்து எழுந்திருப்பாள். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று வந்தவள், ஐப்பசியில் ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தக் கையில் கடி விழுந்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் கையில் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"மைக்குல வேண்டாம்னு சொல்லிட்டாகளாம்ல. எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

மைக்கை அணைத்துவிட்டு சொரிமுத்து யோசித்தார். ஊருக்கே சொன்ன வாய்க்கு ஒருத்திக்குச் சொல்ல வரவில்லை. கடைசியில், படியில் தொங்கிக்கொண்டு போகும் பையன்களைக் காட்டி, "வீட்டுல படி படின்னாக, பயலுவ இந்தப் படின்னு நினைச்சுக்கிட்டானுவ" என்றார். முன்னதற்கு ஒரு விரற்கடை கீழே பல் பதிந்தது. அவள் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மேலப்பொட்டல் வண்டிக்குப் போனாள்.

தினமும் மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் வந்தாள். அவர் இரண்டு டீ சொல்வார், கடைக்காரர் டம்ளர்களை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போவார், அவர் உள்ளேயும் அவள் வெளியேயுமாக நின்று குடிப்பார்கள். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. அவள் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை, "இங்க பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். ஒதுக்குப்புறப் பெஞ்சுக்காரர்கள் இதைக் கவனித்து, ஒன்றும் தெரியாதவர்கள் போலப் பெஞ்சை ஜன்னல் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள், காற்று வாகாக இருந்தால் அவர்கள் கையிலும் ஓரம் மாத்திரம் லேசாகப் பதிந்தது. பேச்சியம்மாளின் தடங்கள் முழங்கையிலிருந்து ஒவ்வொன்றாக மணிக்கட்டை நோக்கி இறங்கின, கடித்த இடமெல்லாம் உயிர் வந்து நின்றது, தண்ணீர் பட்டால் தண்ணீர் என்று தெரிந்தது.

"இங்க பாருங்க, விரல் மட்டும் மடங்கிட்டா மகன்கிட்டப் போயிருவேன்" என்று ஒரு நாள் சொன்னாள். "பனியன் கம்பெனில வேலை சொல்லி வச்சிருக்கான். ரெண்டு கையும் வேணும்லா."

சொரிமுத்து டீயை வைத்துவிட்டார். அன்று அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னார். மறுநாளும் ஒன்றும் தோன்றவில்லை என்றார்.

உண்மையில் தோன்றாமல் இல்லை. அந்த மழைக்காலம்போல அவருக்கு எந்தக் காலத்திலும் சொற்கள் வந்ததில்லை, கண்ணில் பட்டதெல்லாம் இரண்டு மூன்று பொருளோடு வந்து நின்றது, அவர் ஒவ்வொன்றாக விழுங்கினார். விழுங்கியவை வாய்க்குள்ளேயே கடித்தன. கன்னத்தின் உள்பக்கமும் நாக்கின் ஓரமும் புண்ணாகி, சூடாக எதையும் குடிக்க முடியாமல் டீயை ஆறவைத்துக் குடித்தார். பேச்சியம்மாள் அப்படியும் வந்தாள். கடி இல்லாவிட்டாலும் வந்தாள். அவள் மகனைப் பற்றிச் சொன்னாள், பீடி இலை நறுக்கும்போது வரும் வாசனையைப் பற்றிச் சொன்னாள், அவர் அம்மாவின் சோப்பையும் சீப்பையும் பற்றிச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லைக்கூடத் திருப்பாமல் ஒரு மனிதரோடு பேசிக்கொண்டிருப்பதை நினைத்து, அறைக்குப் போகும் வழியில் அவருக்கு நடை துள்ளியது. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று நினைத்தார். கை கொஞ்சம் அப்படியே இருந்தால் என்ன.

ஒரு சாயங்காலம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே திரும்பியபோது முந்தானை பட்டுக் கொதிக்கக் கொதிக்க வைத்திருந்த டம்ளர் சாய்ந்தது. டீ முழுதும் திட்டில் கிடந்த அவளுடைய இடது விரல்களின் மேல் கொட்டியது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. மேலப்பொட்டலில் குழாய் உடைந்த கதையை முழுதுமாகச் சொல்லி முடித்தாள், அவர் எழுந்து குடத்துத் தண்ணீரை அந்தக் கை மேல் ஊற்றும்போதுதான் குனிந்து பார்த்தாள். விரல்கள் சிவந்து, தோல் எழும்பிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ ஒருவருடைய பிள்ளை விழுந்துவிட்டதைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள்.

முதலுதவிப் பெட்டியிலிருந்து மருந்தை எடுத்துத் தடவிக்கொண்டே சொரிமுத்து சொன்னார். "தோணாம இல்ல. சொல்லாம இருந்தேன்."

"ஏன்?"

"சொன்னா கை சரியாயிரும். நீங்க போயிருவீங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். தென்காசி வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போனது. அதை அறிவிக்க அவர் மறந்திருந்தார்.

"போகத்தான் செய்வேன்" என்றாள் பேச்சியம்மாள். குரலில் கோபம் இல்லை. "எனக்கு எம் மகன் இருக்கான். அவன் சின்னப் பிள்ளையில கையப் பிடிச்சுத்தான் தூங்குவான், இந்தக் கையத்தான். ஊர்ல இருந்து வந்தா இப்ப வலப்பக்கமா வந்து உக்காருதான்." பிறகு மருந்து பூசிய கையைத் தூக்கித் திட்டில் அவருக்கு முன்னால் வைத்தாள். "சொல்லுங்க."

அவர் அந்தக் கைக்கு நேராகக் குனிந்தார்.

"பஸ்ல இருக்கை இல்லன்னா நின்னுக்கிட்டுப் போயிரலாம்" என்றார். "இரு கை இல்லன்னா எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கது?"

மணிக்கட்டில் பல் பதிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மணி அஞ்சுதான் ஆகுது, டீ அதுக்குள்ள ஆறிட்டுது" என்றார். புறங்கையில் பதிந்தது. வாய்க்குள் விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, சிலது நல்லது, பலது சகிக்க முடியாதது, சொல்லச் சொல்ல அவருடைய குரல் கம்மியது, சொல்லச் சொல்லப் பல் தடங்கள் விரல் விரலாக இறங்கின, அந்தத் தாலுகா ஆபீஸ் கிளார்க்கும் டீச்சரும் லாரி டிரைவரும் எழுந்து பக்கத்தில் வந்து தங்கள் கைகளையும் திட்டின் ஓரமாக வைத்துக்கொண்டு நின்றார்கள், கடைசித் தடம் சுண்டுவிரல் நுனியில் விழுந்தபோது பேச்சியம்மாள் "எரியுது" என்றாள். டீ கொட்டிய எரிச்சல் அப்போதுதான் அவளுக்கு வந்து சேர்ந்தது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே, அவள் அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை, அது நல்ல அழுகை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மார்கழி முழுக்க விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. சொரிமுத்து மிச்சம் வைக்காமல் சொன்னார். ஒரு மத்தியானம் அவள் இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்துக் குடித்தாள், அவர் அதைப் பார்க்காதது போல வண்டி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்த ஒரு விடியலில் தோளில் பையோடு வந்தாள். திருப்பூர் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னல் அருகே வந்து, எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்று, "இங்க பாருங்க" என்றாள். "மிஷின்லதான் உக்காத்தி வைக்காகளாம். தை மாசம் தைக்கப் போறேன்."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ஆனாலும் சொரிமுத்துவின் இடது முன்கையில் சுருக்கென்றது. அவரை இதுவரை யாரும் கடித்ததில்லை. சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தார், மேலே ஒரு பிறை, கீழே ஒரு பிறை.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. ஏறுங்க, வண்டி கிளம்பிரும்."

அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, போய் ஏறினாள். அவர் மைக்கை முடுக்கினார். சொல்வதற்கு அவருக்கு எத்தனையோ இருந்தன, திருப்பூரும் திருப்பமும் திரும்புவதும் வரிசையாக வந்து நின்றன, ஆனால் இப்போது அவளுடைய இடது கையில் கடி விழுந்தால் வலிக்கும். "திருப்பூர் செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்" என்றார். பிறகு அதையே திரும்பவும் சொன்னார். தேவையில்லாமல் இன்னொரு முறையும் சொன்னார். பேருந்து நிலையத்தில் வேறு வேறு வண்டிகளுக்குக் காத்திருந்தவர்கள், எந்த ஊருக்குப் போகிறோம் என்பதையே மறந்தவர்கள் போல, மூட்டை முடிச்சுகளோடு எழுந்து நின்றார்கள்.

வண்டி நகர்ந்தது. ஓரத்து இருக்கையில் அமர்ந்திருந்த பேச்சியம்மாள் இடது கையை வெளியே நீட்டப் போனவள், பனியில் ஊறிக் கிடந்த ஜன்னல் கம்பி பட்டதும், அந்தக் குளிர் தாங்காமல் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, வண்டி வாசலைத் தாண்டி வளைவதற்குள், மெதுவாக, ஒரு விரலால் மட்டும், மறுபடியும் அந்தக் கம்பியைத் தொட்டாள்.